தாளுக்கு வெளியே ஒரு கை

குவாதலூப்பே மாதா துணை

சான் ஹசிந்தோ, புவேப்லா
14 செப்டம்பர் 1997, ஞாயிறு

என் அன்பு மகள் நோயெமிக்கு உன் அம்மா காசில்டா எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்தில் நாங்கள் இங்கே சுகம். நீயும் உன் வீட்டுக்காரர் ஆபேலும் பிள்ளைகள் டானியேலும் ரூத்தும் சிகாகோவில் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் செபமாலையில் ஒரு பத்து மணி தனியாகச் சொல்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. உன் அக்கா மத்தில்தேயின் மகள் அரசேலி நர்சுப் பரீட்சையில் தேறிவிட்டாள். புவேப்லா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. நம் குடும்பத்தில் பிறத்தியாருக்கு ஊசி போட்டுச் சம்பளம் வாங்கும் முதல் ஆள். அவள் தம்பி எலீசேயோவை ஊர் பாண்டில் சேர்த்துக்கொண்டார்கள், டிரம்பெட் வாசிக்கிறான். காது வலிக்கிறதென்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னார். உங்கள் வீட்டு நாய்க்கு எங்கள் பிள்ளை எவ்வளவோ மேல் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். சின்னவன் தோபியாஸ் நான்காம் வகுப்பில் முதல் மார்க். நாளை மறுநாள் சுதந்திர ஊர்வலத்தில் பள்ளிக்கூடத்துக் கொடியைப் பிடித்துக்கொண்டு அவன்தான் முன்னால் நடக்கிறான். கொடி அவனைவிடக் கனம். உன் ரூத்துக்கு வாசிப்பில் பரிசு கிடைத்ததையும் சேர்த்துத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொள்கிறேன். இங்கிலீஷில் வாசித்தாலும் என் பேத்திதானே.

உன் தம்பி லசாரோவுக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம் ஆகிறது. பெண் மலைக்கு அந்தப் பக்கத்துக்காரி, ஒதிலியா என்று முன்பே எழுதினேன். குறை சொல்லக் கூடாது, கை சுறுசுறுப்பு. ஆனால் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்க மாட்டாள். தானாக ஒன்றை நினைத்துக்கொண்டு செய்துவிடுவாள். கண்ணில் பட்டதையெல்லாம் கழுவுகிறாள். போன வாரம் கோழியைத் தவிர எல்லாவற்றையும் கழுவியாயிற்று.

அக்டோபர் கடைசி ஞாயிறு நம் முற்றத்தில் வழக்கம்போலத் தோரணத்துக்குத் தாள் வெட்டும் விருந்து. தெருவே வரும். இந்த வருஷம் மஞ்சளும் ஊதாவும் கூடுதலாக வாங்கப்போகிறேன். கல்லறைத் திருநாளுக்கு நம் வீட்டுத் தோரணத்தைத்தான் பங்குச் சாமியார் கோவில் வாசலுக்கும் கேட்டிருக்கிறார்.

இப்போது எழுத வேண்டியதை எழுதுகிறேன். கொய்யா மரத்துக்குப் பின்னால் உள்ள மூலை நிலத்தை லசாரோ கேட்கிறான். வீடு கட்ட வேண்டுமாம். அது நோயெமிக்கு என்று உன் அப்பா ஒதுக்கியது, அவளைக் கேட்காமல் ஒரு கல்லும் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். நீ போய்ப் பதினேழு வருஷம். அப்பா போய் ஆறு வருஷம். அவர் அடக்கத்துக்கு நீ வர முடியாததற்கு உன்னை நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை, அப்போது எல்லை தாண்டிப் போக வர உன்னிடம் காகிதம் இல்லை. இப்போது காகிதம் கைக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. இனி எல்லைக்காரன் பேரைச் சொல்ல முடியாது, மகளே. வீட்டுக்குத் திரும்பி வருகிறாயா, இல்லையா? லசாரோவுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

வழி பார்த்திருக்கும் அம்மா,
காசில்டா

*

சிகாகோ
28 செப்டம்பர் 1997

அன்புள்ள அம்மாவுக்கு, நோயெமி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் கடிதம் கிடைத்தது. அரசேலி நர்சாகிவிட்டாள் என்று ஆபேலிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்றாம் தடவை, "எனக்கு ஊசின்னா பயம், அதச் சொல்லிச் சொல்லிக் காட்டாத"ன்னு எழுந்து போய்விட்டார்.

அம்மா, ஒரு உதவி வேண்டும். இந்த வருஷம் இங்கே நானும் ஒரு விருந்து வைக்கிறேன், நம் முற்றத்தில் நடப்பதுபோல. எங்கள் தெருவில் நம் ஜனம் ஆறு வீடு. மற்றவர்கள் பல தேசம். ரூத்தின் வகுப்புப் பிள்ளைகளும் வருகிறார்கள். தாள் வெட்டுவது, தாள் பூக் கட்டுவது, சர்க்கரை மண்டையோடு செய்வது, மூன்றும் செய்யலாம் என்று இருக்கிறேன். கீழ்வீட்டு ஹலினா அம்மாள் போலந்துக்காரர். அவர்தான் அடுப்புக்குப் பொறுப்பு. "மண்டையோட்டுல என் பேர எழுதி என்னையே திங்கச் சொல்றியா, இது என்ன ஊரு வழக்கம்"னு கேட்கிறார். ஆனாலும் அவருக்குப் பெரியதாக ஒன்று வேண்டுமாம்.

என்னிடம் தாள் வெட்டும் உளி இல்லை. பிள்ளைகள் தாளை மடித்துக் கத்தரிக்கோலால் வெட்டட்டும் என்று நினைத்தேன். உங்கள் மாதிரித் தாள்கள் நான்கைந்து அனுப்புங்கள், சிரிக்கும் எலும்புக்கூடும் புறாவும் கட்டாயம். சர்க்கரை உதிராமல் இருக்க என்ன சேர்ப்பீர்கள் என்பதும் மறந்துபோயிற்று.

அப்புறம், படையலும் வைக்கிறேன். முன்னறையில் சமையற்கட்டை ஒட்டி நல்ல சுவர் இருக்கிறது. மூன்று படி வைக்கலாம். மேல்படியில் அப்பா. அவர் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. நான் வந்தபோது கொண்டுவந்த பை எல்லை ஆற்றோடு போயிற்று. என் பதினைந்தாம் பிறந்தநாளில் அவர் என்னோடு ஆடியபோது எடுத்தது உங்களிடம் இருக்கிறதே. அதை ஒரு மாதம் எனக்குக் கொடுங்கள். பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன்.

நிலத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுகிறேன்.

முத்தங்களுடன்,
நோயெமி

*

குவாதலூப்பே மாதா துணை

சான் ஹசிந்தோ
8 அக்டோபர் 1997

மகள் நோயெமிக்கு அம்மா எழுதுவது. இங்கே சுகம். தோபியாஸ் கொடியைக் கீழே போடாமல் கடைசிவரை நடந்துவிட்டான். கை இரண்டு நாள் தூக்க முடியவில்லை.

சர்க்கரைக்கு முட்டையின் வெள்ளைக்கரு. ஒரு கிலோவுக்கு ஒன்று, மேலே இரண்டு சொட்டு எலுமிச்சை. கையில் பிடித்தால் ஈர மணல் மாதிரி நிற்க வேண்டும். கடற்கரைச் சேறு மாதிரி ஒழுகினால் நீ கெடுத்துவிட்டாய் என்று அர்த்தம். அச்சில் அழுத்தி வெயிலில் காய வை. உங்கள் ஊரில் அக்டோபரில் வெயில் உண்டா என்று எனக்குத் தெரியாது. இல்லையென்றால் போலந்து அம்மாளின் அடுப்பில், திறந்து வைத்து, சின்னத் தீயில்.

கத்தரிக்கோல் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு ஒதிலியாவே சிரித்துவிட்டாள், அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். ஐம்பது காத்தாடித் தாளை அடுக்கி, ஈயத்தகட்டின் மேல் வைத்து, உளியால் ஒரே அடி அடித்தால் ஐம்பது புறாவும் ஒரே நேரத்தில் கண் திறக்கும். கத்தரிக்கோலில் ஒன்று ஒன்றாக வெட்டினால் ஈஸ்டருக்குத்தான் தோரணம் கட்டுவாய். சரி, பிள்ளைகள்தானே. மடித்து வெட்டக்கூடியதாக ஐந்து மாதிரி இதோடு வைத்திருக்கிறேன். எலும்புக்கூடு கிட்டார் வாசிக்கிறது. அதன் விரல்களை வெட்டும்போது அவசரப்படக் கூடாது.

படத்தை அனுப்ப மாட்டேன்.

உன் அப்பாவுக்கு காமிரா என்றாலே பயம், தெரியுமே. அந்த ஒரு படம்தான் இருக்கிறது. அதிலும் நீ இருக்கிறாய். உயிரோடு இருப்பவர் முகம் படையலில் வரக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு வருஷமும் உன் பாதியை மறைத்து ஒரு தாள் ஒட்டித்தான் மேல்படியில் வைக்கிறேன். எப்படி ஒட்டினாலும் அவர் தோளில் இருக்கும் உன் கை மட்டும் தாளுக்கு வெளியே நிற்கும். அது என்ன செய்யும், கைதானே என்று விட்டுவிடுவேன். அந்தப் படம் இங்கே இருந்தால்தான் அவருக்கு வழி தெரியும். பாதை முழுக்க செண்டுமல்லி இதழ் போட்டாலும் கடைசியில் தன் முகத்தைப் பார்த்துத்தான் உள்ளே நுழைவார். சிகாகோவுக்கு அவர் எந்த பஸ் ஏறி வருவார்?

இன்னொன்று. நாம் மில் குடியிருப்பில் வாடகைக்கு இருந்த நான்கு வருஷமும் அங்கே படையல் வைக்க உன் அப்பா சம்மதிக்கவில்லை. "இன்னிக்கு இருப்போம், நாளைக்கு மாறுவோம், செத்தவங்க வந்து பூட்டுன கதவத் தட்டணுமா"ன்னு சொல்லி நம்மையெல்லாம் பாட்டி வீட்டுக்குத்தான் கூட்டிப்போவார். உனக்கு இது மறந்திருக்காது. மறக்காமல்தான் இத்தனை வருஷமும் நீ அங்கே படையல் வைக்கவில்லை. இந்த வருஷம் வைக்கிறாய். நல்ல சுவர், மூன்று படி என்கிறாய்.

அது யாருடைய சுவர், நோயெமி?

அம்மா,
காசில்டா

*

சிகாகோ (புது விலாசம் உறையின் பின்னால்)
27 அக்டோபர் 1997

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் பழைய விலாசத்துக்குப் போய், அதை ஹலினா அம்மாள் நேற்று விருந்துக்கு வரும்போது கொண்டுவந்து கொடுத்தார். கையெல்லாம் பசையும் சர்க்கரையுமாக நின்று படித்தேன். உறையில் அப்பா இருப்பார் என்று நினைத்துத்தான் எல்லார் முன்னாலும் பிரித்தேன்.

சுவர் எங்களுடையது, அம்மா. வீடு வாங்கிவிட்டோம். இந்த மாதம் பதினெட்டாம் தேதி குடிவந்தோம். சின்ன வீடு, செங்கல், முன்னால் இரண்டு படி. பழைய ஃபோன் இப்போது இல்லை, புது எண் வந்ததும் எழுதுகிறேன். கோடையிலேயே முடிவாகிவிட்டது. நான்கு கடிதம் எழுதினேன், நான்கிலும் இதை எழுதவில்லை. ஒவ்வொரு தடவையும் அப்பா அந்த மூலை நிலத்தில் நின்று காலால் அளந்து, "இங்க உனக்கு அடுப்படி, இங்க உனக்கு ஜன்னல்"ன்னு காட்டியது ஞாபகம் வரும், பேனாவை மூடிவிடுவேன்.

பார்க்க வருவேன், அம்மா. நிச்சயம் வருவேன். ஆனால் வாழ வர மாட்டேன். டானியேல் ஹைஸ்கூல் போய்விட்டான். ரூத் கனவில்கூட இங்கிலீஷில்தான் பேசுகிறாள். நான் அங்கே வந்தால் அவர்களை நினைத்துக்கொண்டு நிற்பேன். இங்கே இருந்தால் உங்களை நினைத்துக்கொண்டு நிற்கிறேன். எங்கே நின்றாலும் பாதி ஆள்தான். நிலத்தை லசாரோவுக்குக் கொடுங்கள்.

விருந்தைப் பற்றிச் சொல்கிறேன். இருபத்திரண்டு பேர் வந்தார்கள். உறையிலிருந்து எடுத்துக் கொடுத்த உங்கள் எலும்புக்கூட்டுக்கு எங்கள் வீட்டில் விரலே இல்லை, பிள்ளைகள் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளிவிட்டார்கள். கையில்லாமல் கிட்டார் வாசிக்கும் எலும்புக்கூடுகளைத்தான் வாசலில் தொங்கவிட்டிருக்கிறோம். ஹலினா அம்மாள் தானே பக்குவம் பார்த்து முன்பே காயவைத்திருந்த, தன் பேர் எழுதிய மண்டையோட்டைக் கடித்துப் பார்த்துவிட்டு, நான் நினைச்சதவிட இனிப்பாத்தான் இருக்கேன் என்றார்.

படையல் தயாராகிவிட்டது. மேல்படி மட்டும் காலி. அங்க யாரு வரணும் என்று ஒரு பிள்ளை கேட்டது. என் அப்பா என்றேன். எப்படி இருப்பார் என்றது. சொன்னேன், தொப்பி, ஒல்லி, மீசை கிடையாது, ஒரு காது மடல் கொஞ்சம் பிய்ந்திருக்கும். எந்தக் காது என்று கேட்டது, அம்மா. எனக்குத் தெரியவில்லை. வலதா இடதா என்று நின்று நின்று யோசித்தேன். பதினேழு வருஷத்தில் அப்பாவின் காது எனக்கு மறந்துவிட்டது.

பிள்ளைகள் ஆளுக்கொன்று வரைந்து கொடுத்தார்கள். பதினொரு அப்பா. நான் மீசை இல்லை என்று சொன்ன பிறகும் இரண்டு பேருக்கு மீசை. ஒருவருக்கு இரண்டு காதும் இல்லை. எல்லாரையும் மேல்படியில் வைத்துவிட்டேன். வந்தால் யாராவது ஒருவரில் தன்னை அடையாளம் கண்டுகொள்வார்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, விருந்து முடிந்து பாத்திரம் கழுவும்வரை. நீங்கள் எனக்கு இனி எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன்.

நோயெமி

*

குவாதலூப்பே மாதா துணை

சான் ஹசிந்தோ
7 நவம்பர் 1997, வெள்ளி

என் கண்ணே நோயெமி,

உன் கடிதம் நேற்று வந்தது. உறைமேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் தபால்காரரைத் தெருவில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பாவம், அவர் மிரண்டுபோய் எனக்கு ஏதோ புதையல் வந்திருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஏன் என்று சொல்கிறேன், உட்கார்ந்து படி.

விருந்து நன்றாகத்தான் நடந்தது. நாற்பது பேர். எலீசேயோ டிரம்பெட் ஊதினான், பக்கத்து வீட்டுக்காரரும் வந்து உட்கார்ந்து கேட்டார். ஒதிலியா உளி பிடித்தாள், நோயெமி. நான் காட்டிக்கொடுக்கவே இல்லை. ஐம்பது தாளையும் ஓரம் கிழியாமல் எடுத்தாள். நான் பாராட்டவில்லை, உள்ளுக்குள் வைத்துக்கொண்டேன். எனக்கு மனசு அங்கே இல்லை. "யாருடைய சுவர்" என்று எழுதித் தபாலில் போட்ட நாளிலிருந்து பதில் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

தகரப்பெட்டியில் இருக்கும் அந்தப் படத்தை உறையைவிட்டு எடுக்கவே கை போகவில்லை. உன் முகத்தைப் பார்த்துத் தாள் ஒட்ட இந்த வருஷம் என்னால் ஆகாது. போன வருஷம் ஒட்டிய தாள் அப்படியே இருந்தது. உறையோடு ஒதிலியாவிடம் கொடுத்து, இதை மேல்படியில் வை என்று மட்டும் சொல்லிவிட்டு மோலே குழம்பு கிளறப் போய்விட்டேன். அப்புறம் இரண்டு நாள் முன்னறைப் பக்கம் தலை வைக்கவில்லை.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு மணி அடித்தது, பெரியவர்களின் ஆத்மா வரும் நேரம். வாசலிலிருந்து செண்டுமல்லி இதழ் போட்டாயிற்று, சாம்பிராணி போட்டாயிற்று. உன் ஞானத்தாய் பெத்ரா வேராகுருஸிலிருந்து வந்திருந்தாள், திருநாளுக்கு மட்டும்தானே வருவாள். மெழுகுவத்தியோடு முன்னறைக்குள் போனவள் சமையற்கட்டுக்கு வந்து என் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா, காசில்டா? நான் அவளுக்கு ஞானத்தாய்டி. எப்போ போனா?"

யார் போனது என்று கேட்டேன்.

"நம்ம நோயெமிதான்."

என் கையில் கரண்டி இருந்தது. அவள் உயிரோடு இருக்கிறாள் என்று சொன்னேன். பெத்ரா என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"அப்படித்தான்டி தோணும். எங்கம்மா போனப்ப எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

முன்னறைக்கு ஓடினேன். மேல்படியில் அப்பாவும் நீயும். தாள் இல்லை. கண்ணாடி பளபளவென்று துடைத்திருந்தது. உன் தலைக்கு மேல் மாலை, உன் பக்கம் தனியாக ஒரு மெழுகுவத்தி. பதினைந்து வயதில் வெள்ளை கவுனில் நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய். கீழே தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர் முழங்கால் போட்டு, செத்தவர்களுக்குச் சொல்லும் நித்திய இளைப்பாற்றி செபத்தை உனக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எழுந்திருங்கள், என் மகள் சாகவில்லை என்று கத்தினேன். பாதிப் பேர் எழுந்தார்கள். பாதிப் பேர் எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்து எனக்காகவும் சேர்த்துச் சொன்னார்கள்.

ஒதிலியாவைக் கூப்பிட்டேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எதற்கடி தாளை எடுத்தாய் என்று கேட்டேன்.

"அழுக்குத் தாளா ஒட்டியிருந்துச்சு, அத்தை. எடுத்தா உள்ள சின்னப் பொண்ணு. சின்ன வயசுல போன பொண்ணு போல, பாக்கத் தாங்காம மறைச்சு வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். வருசத்துல ஒரு நாளாவது அவ முகத்தப் பாருங்களேன்னுதான் எடுத்துவிட்டேன்."

"அது நோயெமிடி. சிகாகோவுல இருக்கிறவ."

"நீங்க சொல்ற நோயெமிக்கு ரெண்டு புள்ள இருக்கு, அத்தை. இது பதினஞ்சு வயசுப் பொண்ணு. எனக்கு எப்படித் தெரியும்? இந்த வீட்டுல அவங்க படம் ஒண்ணு இருக்கா?" அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் நிறுத்தவில்லை. ஆறேழு மாதம் கேட்காததையெல்லாம் அன்றைக்குச் சேர்த்துக் கேட்டாள். "பின்னறையில யாரையும் படுக்க விடமாட்டீங்க. மூலை நிலத்துல ஒரு செடி வெக்க விடமாட்டீங்க. பூசணி இனிப்ப ஒரு கிண்ணத்துல தனியா எடுத்துப் படையல் ஓரத்துல வெச்சிட்டு, 'இது பொண்ணுக்கு, யாரும் தொடாதீங்க'ன்னு சொல்றீங்க. செத்துப்போனவங்களுக்குத்தானே அத்தை இப்படியெல்லாம் செய்வாங்க?"

லசாரோ அவள் கையைப் பிடித்து இழுத்தான். விடுடா, அவள் சொல்லட்டும் என்றேன். ஆனால் அவள் சொல்லி முடித்திருந்தாள்.

படத்தை எடுத்து ஏப்ரனுக்குள் வைத்துக்கொண்டு கடைவீதி ஃபோன் கடைக்குப் போனேன். ஒருமுறை படையலில் ஏறின முகத்தை வந்தவர்கள் சும்மா விட்டுவிட்டுப் போவார்களா என்று பயம். உன் எண்ணைச் சுழற்றச் சொன்னேன். உன் குரல் வரவில்லை. ஒரு பெண் இங்கிலீஷில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைக்காரருக்கும் புரியவில்லை. "என்ன சொல்றாளோ தெரியல, ஆனா கோவமா சொல்லல, டோனா காசில்டா" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். ஞாயிறும் போனேன். திங்களும் போனேன். அதே பெண், அதே வாக்கியம்.

ஐந்து நாள், நோயெமி. ஐந்து நாள் உன்னைச் சாகக்கொடுத்து வைத்திருந்தேன். மூலை நிலத்தில் போய் உட்கார்ந்து, அவள் வராவிட்டால் போகிறாள், எங்கேயாவது நன்றாக இருக்கட்டும், வேறு தேசத்தில் வேறு பாஷையில் இருக்கட்டும், இருந்தால் போதும் என்று மாதாவிடம் பேரம் பேசினேன். அப்புறம் உன் கடிதம் வந்தது. தேதியைப் பார்த்தேன், அது திருநாளுக்கு முன்னால் எழுதியது, அதனால் பயம் முழுதாகப் போகவில்லை. நேற்றே மத்தில்தே பட்டணத்துக்குப் போய் யாரோ படித்தவரை விட்டு விசாரித்தாள். எண் மாறிவிட்டதென்றுதான் அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அதற்குப் பிறகுதான் உன் கடிதத்தை முழுதாகப் படித்தேன். வீடு வாங்கிவிட்டாய். இதைப் படித்தால் நெஞ்சு வெடித்துவிடும் என்று இரண்டு மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன். செங்கல் வீடு, முன்னால் இரண்டு படி என்கிற இடத்தை மூன்று தடவை படித்தேன். செங்கல் நல்லது. குளிர் உள்ளே வராது.

மூலை நிலத்தை லசாரோவுக்குக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். அப்பா காட்டிய இடத்தில் அடுப்படி வேண்டாம், புகை துணிக்கொடிக்கு வரும் என்று ஒதிலியா சொல்கிறாள். இப்போது நிறையப் பேசுகிறாள். பழைய மாதிரியே இருந்திருக்கலாமோ என்று நேற்று நினைத்துக்கொண்டேன். பின்னறையில் அரசேலி படுக்கிறாள், ஆஸ்பத்திரியிலிருந்து வரும் நாளெல்லாம்.

இந்தக் கடிதத்தோடு அட்டைக்கு நடுவில் வைத்து அந்தப் படம் வருகிறது. கடன் இல்லை, உனக்கே. இன்று காலை பட்டணத்து ஸ்டுடியோக்காரரிடம் அப்பாவை மட்டும் தனியாக ஒரு பிரதி எடுத்து நான் வைத்துக்கொண்டேன். தோளில் இருக்கும் கையை அழித்துவிடட்டுமா என்று கேட்டார். நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன். திருநாளில் மட்டும் உன் பாதியை நல்ல புதுத் தாளால் மறைத்து வை. மற்ற நாளெல்லாம் திறந்தே தொங்கட்டும். காது இடது காது. கோவேறு கழுதை கடித்தது, எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வாரம். அந்தப் பதினொரு பேரையும் தூக்கிப்போடாதே, எனக்கு ஒருவரை அனுப்பு, மீசைக்காரரை.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். டானியேல் படம் அனுப்பினாய், ரூத் படம் அனுப்பினாய், பனிப் படம்கூட அனுப்பினாய். எல்லாவற்றையும் நீதான் எடுத்திருக்கிறாய், ஒன்றிலும் நீ இல்லை. இந்த வீட்டில் உன்னைப் பதினைந்து வயதிலேயே நிறுத்தி, செத்தவர்களோடு தகரப்பெட்டியில் பூட்டி வைத்தவள் நான்தான். பதினைந்து வயதுப் பெண்ணுக்காகத்தான் நிலத்தையும் அறையையும் காத்துக்கொண்டிருந்தேன். உனக்கு முப்பத்தைந்து வயது ஆனது எனக்குத் தெரியாது.

போலந்து அம்மாளின் கையில் காமிராவைக் கொடு. அந்த இரண்டு படியில் நில். தலையில் நரை இருந்தால் மறைக்காதே, உடம்பு பெருத்திருந்தால் பிள்ளைகளுக்குப் பின்னால் ஒளியாதே. கதவும் தெரிய வேண்டும், கதவு எண்ணும் தெரிய வேண்டும். முன்னறையில் உயிரோடு இருப்பவர்கள் படம் மாட்டும் சுவரில் நடுவில் ஆணி அடித்துவிட்டேன். ஒதிலியா அதற்குள் அந்த வெறும் ஆணியை இரண்டு தடவை துடைத்துவிட்டாள். புதுப் படம் ஒன்று எடுத்து, இந்த வாரமே தபாலில் போடு.

உன்னை இன்னும் அடையாளம் தெரியாத,
உன் அம்மா
காசில்டா